கூர்மை எங்கே இருக்கிறது? சமையலறைக் கத்தியைப் பற்றிய தவறான எண்ணங்கள்

விலை கூடிய கத்தி மழுங்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, காந்தம் ஒட்டினால் அது மட்டமான எஃகு, கூரான கத்தி வீட்டில் இருந்தால் என்றாவது ஒரு நாள் கையை வெட்டிவிடும் என்றெல்லாம் கடையிலும் வீட்டிலும் சொல்லக் கேட்கிறோம். இவற்றில் சில பாதி உண்மை, சில முழுவதுமே தவறு. பெரும்பாலானவை ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. கூர்மை என்பது எஃகுக்குள் கலந்திருக்கும் குணம், நல்ல எஃகை விலை கொடுத்து வாங்கினால் கூர்மையும் கூடவே வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கூர்மை ஒரு வடிவம். எஃகு அந்த வடிவத்தைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கத்தியைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும்.

கத்தியின் இரண்டு பக்கங்களும் சரிந்து வந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோட்டைத்தான் கத்தியின் வாய் என்கிறோம். எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் அது தடிமனே இல்லாத கோடாக ஆகிவிடாது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் நுனி சிறிய வளைவாகத் தெரியும். நன்கு தீட்டிய கத்தியில் அந்த நுனியின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் நுண்மை புரியும். மாதக்கணக்கில் தீட்டாமல் புழங்கிய கத்தியில் இதே நுனி பல மைக்ரான் அகலத்துக்கு உருண்டோ மடிந்தோ போயிருக்கும். கை கொடுக்கும் விசை எவ்வளவு சிறிய பரப்பில் இறங்குகிறதோ அவ்வளவு எளிதாகக் காய் பிளக்கும். ஆகவே நுனி பத்து மடங்கு அகன்றுவிட்டால் அதே வெட்டுக்கு நாம் பல மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. கத்தி மழுங்கியது என்று நாம் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். எஃகின் தரத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை.

மழுங்கிய கத்தியே பாதுகாப்பு என்ற எண்ணம்

இதுதான் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய எண்ணம். புதிதாகத் திருமணமாகிச் சமைக்கத் தொடங்கும் பெண்ணுக்கும், வெளியூரில் தனியாகத் தங்கிச் சமைக்கும் பையனுக்கும் “கூரில்லாத கத்தியையே வைத்துக்கொள், கையில் படாது” என்று அக்கறையோடு சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் மழுங்கிய கத்தியால் ஒரு பழுத்த தக்காளியை நறுக்கும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். வாய் தோலின் மீது உட்கார்ந்து அழுத்துகிறது; தோல் கிழியாமல் உள்வாங்குகிறது; நாம் இன்னும் அழுத்துகிறோம்; ஒரு கட்டத்தில் தோல் சட்டென்று கிழிய, அதுவரை தேங்கியிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் கத்தியைக் கீழே தள்ளுகிறது, அல்லது வழவழப்பான தோலின் மீது கத்தி பக்கவாட்டில் வழுக்குகிறது. எந்தப் பக்கம் போகும் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. விரல் அங்கே இருந்தால், மழுங்கிய வாயாக இருந்தாலும் அவ்வளவு விசையோடு வரும்போது ஆழமாகவே வெட்டும்.

இதைச் சொன்னவுடன் “கூரான கத்திதான் பாதுகாப்பானது” என்ற எதிர்க்கருத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. நம்மில் பலர் பலகை இல்லாமல், வெங்காயத்தையோ கத்தரிக்காயையோ இடக்கையில் ஏந்திக்கொண்டு, சிறிய கத்தியைக் கட்டைவிரலை நோக்கி இழுத்து நறுக்குகிறோம். வெட்டு முடியும் இடத்தில் கத்தியைத் தடுத்து நிறுத்துவது கட்டைவிரல்தான். கத்தி மழுங்கியிருப்பதால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் காயமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே கையில் நன்கு தீட்டிய கத்தியைக் கொடுத்தால், பழைய பழக்கத்தின் விசையோடு இழுத்த முதல் வெட்டே கட்டைவிரலில் இறங்கிவிடும். ஆகவே கூரான கத்தியைக் கண்டு அஞ்சும் வீட்டுப் பெரியவர்களின் அனுபவம் பொய்யில்லை. அவர்கள் காரணத்தைக் கத்தியின் மீது வைக்கிறார்கள், அது பிடிக்கும் முறையில் இருக்கிறது. கத்தியைத் தீட்டும் நாளிலேயே பலகைக்கு மாறிவிட வேண்டும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடித்து, கணுக்கள் கத்தியின் பக்கத்தில் உரசுமாறு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கூர்மையை மட்டும் சேர்ப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

அழுத்துவதும் அரிவதும்

கத்தி அழுத்தினால் வெட்டும் என்பது இன்னொரு தவறான புரிதல். மென்மையான பொருள் எதுவும் ஓர் அளவுக்கு மேல் இழுபடும்போதுதான் கிழிகிறது. கத்தியை நேராகக் கீழே அழுத்தினால் தோலை அந்த அளவுக்கு இழுக்க அதிக விசை தேவைப்படுகிறது. அழுத்திக்கொண்டே வாயை நீளவாக்கில் நகர்த்தினால், அந்த நகர்வு தோலைப் பக்கவாட்டில் இழுத்துக் கிழிசலைத் தொடங்கி வைத்துவிடுவதால், கீழ்நோக்கிய விசை வெகுவாகக் குறைகிறது. நம் அரிவாள்மனை இந்த உண்மையின் மீதே கட்டப்பட்ட கருவி. அதில் அலகு அசையாமல் நிற்க, காயை இரு கைகளாலும் பிடித்து முன்னே தள்ளுகிறோம். அலகு வளைந்திருப்பதால், காய் நேராகத் தள்ளப்பட்டாலும் வாயின் மீது சறுக்கியபடியே செல்கிறது. அழுத்தமும் இழுப்பும் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. அரிவாள்மனையில் பழகிய கை கத்திக்கு மாறும்போது தடுமாறுவதற்குக் காரணம், அங்கே அலகின் வளைவு செய்துவந்த வேலையை இங்கே மணிக்கட்டு செய்ய வேண்டியிருப்பதுதான்.

இதோடு சேர்ந்ததுதான் கண்ணாடி போலப் பளபளக்கும் வாயே மிகக் கூரானது என்ற நம்பிக்கையும். மிக நுண்ணிய கல்லில் மெருகேற்றிய வாய் மீனையும் எலும்பில்லாத இறைச்சியையும் அழகாக அரியும். சவரத்துக்கு அது இன்றியமையாதது. ஆனால் தக்காளி, குடைமிளகாய் போன்ற வழுவழுப்பான தோல் கொண்டவற்றில், நடுத்தரக் கல்லில் தீட்டிய வாயில் எஞ்சியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்களே தோலைச் சட்டென்று பற்றிக்கொள்ளும். வீட்டுச் சமையலுக்கு அளவுக்கு மீறி மெருகேற்றுவது வீண் உழைப்பு.

கடினமான எஃகே சிறந்தது என்ற எண்ணம்

கத்தி விற்பவர்கள் இப்போது உறையின் மீது ஓர் எண்ணை அச்சிடுகிறார்கள். அது ராக்வெல் அளவுகோலில் எஃகின் கடினத்தைக் குறிக்கும் எண். கூம்பு வடிவ வைரமுனையை 150 கிலோ எடையால் எஃகின் மீது அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பியப் பாணிச் சமையலறைக் கத்திகள் பொதுவாக 54 முதல் 58 வரையும், ஜப்பானியக் கத்திகள் பலவும் 60-க்கு மேலும் இருக்கும். எண் கூடினால் கத்தி நல்லது என்று வாங்குபவர் முடிவு செய்துவிடுகிறார்.

கடினம் என்பது பள்ளம் விழாமல் எதிர்க்கும் திறன். உறுதி என்பது உடையாமல் தாங்கும் திறன். பொதுவாக ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது. பொரித்த அப்பளம் விறைப்பாக நிற்கும், வளைத்தால் நொறுங்கும். சப்பாத்தி எப்படி மடித்தாலும் உடையாது, ஆனால் விறைப்பாக நிற்காது. கத்திக்குத் தேவையான எஃகு இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்க வேண்டும், அந்த இடம் வேலையைப் பொறுத்து மாறும். கடினமான எஃகில் வாயை மெலிதாக, ஒரு பக்கத்துக்கு 15 பாகை அளவில் தீட்டலாம். அது மடியாமல் நிற்கும். அதே கத்தியால் ஆட்டெலும்பைத் தட்டினாலோ, பரங்கிக்காயில் பாதி இறங்கிய நிலையில் பக்கவாட்டில் நெம்பினாலோ, வாயிலிருந்து சில்லுகள் தெறித்துவிடும். சற்று மென்மையான எஃகில் 20 பாகைக்குத் தீட்டிய வாய் அதே வேலையில் மடியுமே தவிரச் சில்லாகப் போகாது, மடிந்ததை நிமிர்த்திக்கொள்ளலாம். சேனைக்கிழங்கு, பரங்கிக்காய், மீன் தலை என்று எல்லாவற்றுக்கும் ஒரே கத்தியை நம்பியிருக்கும் வீட்டுக்கு 56 என்ற எண் 62-ஐவிடப் பொருத்தமானது என்றே நான் சொல்வேன். தேங்காய்க்கும் எலும்புக்கும் எந்தச் சமையலறைக் கத்தியும் ஆகாது. அவற்றுக்கு அரிவாள் இருக்கிறது.

இங்கே எஃகின் வகையைவிடப் பெரிய பங்கு வகிக்கும் ஒன்று உறையில் எழுதப்படுவதில்லை. அதுதான் தோய்ச்சல். கிராமத்துக் கொல்லுப் பட்டறைகளில் லாரிச் சக்கரங்களுக்கு மேல் அடுக்கியிருக்கும் பழைய எஃகுப் பட்டைகளை வெட்டி அரிவாள் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடித்து முடித்த அலகு அந்த நிலையில் வெறும் வடிவம்தான். அதை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை செம்மஞ்சளாகக் காய்ச்சி, எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கும்போது அது மிகக் கடினமாகிறது, கூடவே எளிதில் உடையக்கூடியதாகவும் ஆகிறது. பிறகு அதை 200 பாகையை ஒட்டி மீண்டும் மிதமாகச் சூடேற்றினால்தான் உறுதி திரும்புகிறது. பளபளப்பாகத் தேய்த்த எஃகின் மேற்பரப்பில் அந்தச் சூட்டுக்கு வைக்கோல் நிறம் படரும். 300 பாகையை நெருங்கும்போது நீலம் ஏறும். கொல்லர்கள் வெப்பமானி இல்லாமல் இந்த நிறங்களைப் பார்த்தே பதம் அறிகிறார்கள். தொழிற்சாலையில் செய்யும் ஸ்டெயின்லெஸ் கத்திகளுக்குக் காய்ச்சும் வெப்பம் 1,000 பாகைக்கு மேல் செல்லும் என்றாலும் முறை இதுவே. தோய்ச்சல் தவறிய உயர்ந்த எஃகைவிடத் தோய்ச்சல் சரியாக அமைந்த சாதாரண எஃகு நன்றாக வெட்டும். அடித்துச் செய்த கத்தி, தகட்டிலிருந்து வெட்டிச் செய்த கத்தியைவிடச் சிறந்தது என்ற பெருமையும் இதனால்தான் பொருளற்றுப்போகிறது. இன்றைய எஃகுத் தகடுகள் ஆலையிலேயே சீராக உருட்டப்பட்டு வருகின்றன, வேறுபாட்டை முடிவு செய்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் சூடும் குளிரும்தான்.

துருவும் காந்தமும்

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்கள் அரிக்கப்படாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் என்பதால், புளிப்புப் பட்டாலும் கறுக்காத அந்த எஃகு விரைவிலேயே உணவு மேசைக் கத்தியாக மாறியது. இன்று 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால்தான் ஓர் எஃகு ஸ்டெயின்லெஸ் என்ற பெயருக்கு உரியதாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமியம் எஃகின் மீது சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் அது மீண்டும் தானாகப் படர்ந்துகொள்ளும். அந்தப் படலம்தான் காவல்.

அந்தக் காவலுக்கு ஒரு பகை உண்டு: உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசிக்குத்துப் போன்ற பள்ளங்களை உண்டாக்கும். ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டிய கத்தியையும் கருவாடு நறுக்கிய கத்தியையும் அப்படியே தொட்டியில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் காலையில் பழுப்புப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். மேலும், கத்திக்கான எஃகில் கடினத்துக்காகச் சேர்க்கும் கார்பன், குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், படலத்துக்குக் கிடைக்கும் குரோமியம் குறைகிறது. சாப்பாட்டுத் தட்டைவிடக் கத்தி எளிதாகத் துருப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பயன்படுத்தியவுடன் கழுவித் துடைத்து வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

காந்தச் சோதனையையும் இந்த இடத்தில் விளக்கிவிடலாம். பாத்திரக் கடைக்குக் காந்தத்தோடு செல்பவர்கள் உண்டு. ஒட்டாவிட்டால் அசல், ஒட்டினால் மட்டம் என்பது அவர்கள் கணக்கு. டம்ளரும் தட்டும் செய்யும் எஃகில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். நிக்கல் அதன் உள்ளமைப்பை மாற்றிவிடுவதால் காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் அதே உள்ளமைப்பின் காரணமாக, எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் அந்த எஃகு கடினமாகாது. கத்திக்குத் தோய்ச்சல் ஏற்கும் எஃகுதான் வேண்டும். அந்த எஃகு காந்தத்தை இழுக்கும். ஆகவே பாத்திரத்துக்கு வைத்திருக்கும் கணக்கைக் கத்திக்குப் போட்டுப் பார்ப்பவர், ஒட்டுகிறது என்று நல்ல கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாய் நிற்காத கத்தியை வாங்கி வர நேரும். பாத்திரத்திலும்கூட நிக்கல் குறைந்து மாங்கனீசு மிகுந்த மலிவான எஃகுக்குக் காந்தம் ஒட்டாது என்பதால், அந்தச் சோதனை அங்கேயும் நம்பத்தக்கதில்லை.

குரோமியம் கலக்காத இரும்பு அலகின் மீது நாளடைவில் படியும் கருநீலப் பூச்சைப் பலர் அழுக்கு என்று எண்ணித் தேங்காய் நாரால் விடாமல் தேய்க்கிறார்கள். அது எஃகைச் செந்துருவிலிருந்து ஓரளவு காக்கும் படிவு. அதைத் தேய்த்தெடுக்க வேண்டியதில்லை. செந்நிறத்தில் பொடியாக உதிர்வதை மட்டும் நீக்கி, உலரத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

மென்மையான பொருள் கத்தியை மழுக்காது என்ற எண்ணம்

கீரையும் தக்காளியும்தானே நறுக்குகிறோம், கத்தி எப்படி மழுங்கும் என்று கேட்பவர்களுக்கு 2020-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. சவர அலகின் எஃகைவிடத் தலைமுடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சில முறை சவரம் செய்ததுமே அலகு மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்ட வைத்துப் பார்த்தபோது, முடி வளைந்து சாய்வாக வாயைச் சந்திக்கும் இடங்களில், அதுவும் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளிகளில், வாயிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்வதைக் கண்டார்கள். ஒரு மைக்ரான் மெலிவுள்ள விளிம்புக்கு மென்மையான பொருளும் சுமைதான், அது பக்கவாட்டில் வந்து தாக்கும்போது இன்னும் கூடுதலான சுமை.

இருந்தாலும் நம் சமையலறைகளில் கத்தியை மழுக்குவதில் காய்களைவிட அவற்றுக்கு அடியில் இருப்பதற்கே பங்கு அதிகம். கிரானைட் மேடையின் மீது நேரடியாக நறுக்குவது பரவலான பழக்கம். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் படிகங்கள் கத்தி எஃகைவிடக் கடினமானவை. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் வாய் அவற்றின் மீது மோதி மடிகிறது. கண்ணாடிப் பலகையும் எவர்சில்வர் தட்டும் இதே தீங்கைச் செய்கின்றன. நறுக்கிய காயைக் கத்தியின் வாயாலேயே வழித்துச் சட்டியில் தள்ளுவதும் வாயைப் பக்கவாட்டில் மடக்கும் செயல். கத்தியைத் திருப்பி முதுகால் வழித்தால் அந்தக் கேடு இல்லை.

மரப்பலகையில் கிருமி சேரும், பிளாஸ்டிக்கே தூய்மையானது என்பதை மிகப் பலர் உறுதியாக நம்புகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்பவர் இதைச் சோதித்தார். மரத்தின் மீது விட்ட பாக்டீரியாக்கள் நார்களுக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கே பெருகாமல் படிப்படியாக மடிந்தன. புதிய பிளாஸ்டிக் பலகையைக் கழுவித் தூய்மையாக்க முடிந்தது, ஆனால் கத்திக் கீறல்கள் விழுந்த பழைய பிளாஸ்டிக்கின் கீறல்களுக்குள் அவை கழுவலுக்குத் தப்பித் தங்கிவிட்டன. இதனால் மரத்தைக் கழுவ வேண்டாம் என்று ஆகிவிடாது. கழுவி நிமிர்த்தி உலரவைக்க வேண்டும், பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வேண்டும். கத்தியின் வாய்க்கு மரம் உகந்தது என்பதில் மட்டும் ஐயமே இல்லை. மூங்கில் பலகை பல மரங்களைவிடக் கடினமானது என்பதை வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கறுக்கும் வாழைக்காயும் கலங்கும் கண்ணும்

வாழைக்காய், வாழைப்பூ, கத்தரிக்காய் ஆகியவை கறுப்பதற்கு இரும்புக் கத்தியே காரணம் என்று சொல்வார்கள். இதில் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் கலந்துவிடுகின்றன. இக்காய்களின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் இரும்போடு சேர்ந்தால் உடனடியாகக் கருநீலக் கறை உண்டாகும். அது இரும்பு அலகின் வேலைதான், ஸ்டெயின்லெஸ் கத்தியில் அது பெரும்பாலும் நேராது. ஆனால் நறுக்கி வைத்த சற்று நேரத்தில் படரும் பழுப்பு, வெட்டுப்பட்ட உயிரணுக்களிலிருந்து வெளிவரும் ஒரு நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் மாற்றம். எந்தக் கத்தியில் நறுக்கினாலும் அது நடக்கும். வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடும் வழக்கம் இந்த நொதியைக் கட்டுப்படுத்தத்தான். மோரின் புளிப்பு அதன் வேகத்தைக் குறைக்கிறது, தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. மழுங்கிய கத்தி உயிரணுக்களை நசுக்கிக்கொண்டே போவதால் நொதி அதிகமாக வெளிவந்து பழுப்பும் விரைகிறது. கத்தி எதனால் செய்யப்பட்டது என்பதைவிட அதன் வாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதே இங்கும் பெரிது.

வெங்காயத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். கண்ணை எரிக்கும் பொருள் உயிரணுக்கள் உடையும்போதுதான் உருவாகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் அதிவேக ஒளிப்படக் கருவி கொண்டு வெங்காயம் வெட்டுவதைப் பதிவு செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், மழுங்கிய அலகு வெங்காயத் தோலை அழுத்தி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவிடுவதால், தோல் கிழியும் நொடியில் சாறு அதிகத் துளிகளாக, அதிக வேகத்தில் தெறிப்பதைக் காட்டினார்கள்.

அலைவரி போட்ட அலகுகள்

நீரலை போன்ற வரிகள் ஓடும் டமாஸ்கஸ் கத்தியை அதிகக் கூர்மைக்கு அடையாளமாக விற்கிறார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் நம் மண்ணின் வரலாறு ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசைகளில் இரும்பையும் கரிப்பொருளையும் சேர்த்து உருக்கிச் செய்த எஃகு பல நூற்றாண்டுகள் மேற்காசியாவுக்கு ஏற்றுமதியானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 1.5 விழுக்காடு கார்பன் கொண்ட அந்த எஃகுக் கட்டியை மெதுவாக அடித்து வாளாக்கும்போது, உள்ளே இருந்த கடினத் துகள்கள் வரிசைவரிசையாக அமைந்து அலைவரிகளாகத் தெரிந்தன. மூலத் தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அந்த வரிசைக்குக் காரணம் என்று அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன், கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயோடு சேர்ந்து 1990-களில் செய்து காட்டினார்.

இன்று கடையில் கிடைக்கும் டமாஸ்கஸ் கத்தி வேறு பொருள். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, காய்ச்சிப் பற்றவைத்து, அமிலத்தில் தோய்த்து வரிகளை வெளிக்காட்டுகிறார்கள். சமையலறைக் கத்திகளில் பெரும்பாலும் நடுவே ஒற்றை எஃகுத் தகடும் இரு பக்கமும் இந்த வரித்தகடும் இருக்கும். வாயாக வெளியே வருவது நடுத்தகடு மட்டுமே. வரிகள் காயைத் தொடுகின்றனவே தவிர வெட்டுவதில் பங்கெடுப்பதில்லை. மலிவானவற்றில் வரிகளையே லேசரால் மேற்பரப்பில் வரைந்துவிடுகிறார்கள். அழகுக்காக வாங்குவதில் தவறேதும் இல்லை, ஆனால் விலையைக் கூர்மைக்கு என்று நினைத்துக் கொடுக்கக் கூடாது.

பீங்கான் கத்தியும் பல்வாய்க் கத்தியும் மழுங்காது என்ற எண்ணத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிர்கோனியாவால் செய்யும் பீங்கான் அலகு எஃகைவிடக் கடினமானது, நீண்ட நாள் கூர் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும், வைரக் கல் இல்லாமல் தீட்ட இயலாது. பல்வாய்க் கத்தியில் பற்களின் முனை பலகையில் மோதி, இடைப்பள்ளங்களின் வாய் காப்பாற்றப்படுவதால் அது மெதுவாக மழுங்குகிறது, மழுங்காமல் இருப்பதில்லை.

தீட்டுவதில் உள்ள குழப்பங்கள்

கத்தித் தொகுப்போடு வரும் நீண்ட எஃகுக் கம்பியைச் சாணைக்கு மாற்றாக எண்ணுகிறார்கள். நுனி ஒருபுறம் மடிந்திருக்கும்போது கம்பியில் இரு பக்கமும் மெல்ல உரசினால் அது நிமிர்ந்து நிற்கும். கத்தி மீண்டும் வெட்டும். ஆனால் நுனி தேய்ந்து உருண்டுவிட்ட பிறகு நிமிர்த்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. பக்கவாட்டு எஃகைத் தேய்த்தெடுத்துப் புதிய நுனியை உண்டாக்கியே ஆக வேண்டும், அதற்குக் கல் வேண்டும். மிகக் கடினமான ஜப்பானியக் கத்திகளில் கம்பியால் சில்லு தெறிக்க வாய்ப்புண்டு என்பதால் அவற்றைக் கல்லில் மட்டும் தீட்டுவது நல்லது.

தெருவில் சாணை பிடிப்பவரின் சக்கரத்தில் தீப்பொறி பறந்தால் நன்றாகக் கூரேறுகிறது என்று மகிழ்வோம். பொறி என்பது பெயர்ந்து எரியும் எஃகுத் துகள், அதனால் அதில் தவறில்லை. கவனிக்க வேண்டியது வாயின் நிறம். உலர்ந்த சக்கரத்தில் விடாமல் அழுத்தும்போது மெலிந்த நுனி சில நொடிகளில் சூடேறிவிடும். நீலம் படர்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் குலைந்துவிட்டது; அன்று நன்றாக வெட்டினாலும் விரைவில் மழுங்கும். கைதேர்ந்த சாணைக்காரர்கள் அலகை விட்டுவிட்டுத் தொட்டு, அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்வது இதற்காகத்தான். அலகை அடுப்பு நெருப்பில் காட்டிப் பலாப்பிசினை நீக்குவதும் இதே காரணத்தால் தீங்கானது. அறுப்பதற்கு முன்பே எண்ணெய் தடவிக்கொண்டால் பிசின் ஒட்டாது.

வீட்டுக்கு 1,000 என்று எண்ணிட்ட (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண் அது) ஒரு தண்ணீர்க் கல் போதுமானது. கல்லை நனைத்து, ஈரத்துணியின் மீது அசையாமல் வைத்து, கத்தியின் முதுகைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு 15 பாகை என்பது முதுகை ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயர்த்துவது. அந்த உயரம் மாறாமல் இருப்பதுதான் முழுக் கலையும். ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் வாயின் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாய்க்கு வெளியே செல்லுமாறு விரலை வருடிப் பார்த்தால் அது சொரசொரப்பாகத் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் மட்டும் ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. பிசிறு எழுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதுதான் புதியவர்கள் தோற்கும் இடம். அது எழுந்தால்தான் இரண்டு பக்கங்களும் நுனியில் சந்தித்துவிட்டன என்று பொருள். பிறகு மறுபக்கத்தையும் அதே அளவு தேய்த்து, இறுதியில் எடையே கொடுக்காமல் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சில முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பிசிறோடு விட்ட கத்தி அன்று தாளைக் கிழிக்கும், மறுநாளே மழுங்கும். கல்லின் மீது பழியைப் போடுவோம்.

வேலை முடிந்ததா என்று அறிய, வாயை மேல்நோக்கித் திருப்பி விளக்கின் கீழ் பிடித்துப் பார்க்க வேண்டும். சரியாகத் தீட்டிய வாயில் ஒளி பட்டுத் திரும்ப இடமில்லாததால் அது கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அந்த இடம் இன்னும் தட்டையாகவோ மடிந்தோ இருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் கல்லுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.